வெறும் பார்டர் மட்டும் வந்த டிராயிங்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு சைட்டிலிருந்து போன். "சார், பேஸ்மென்ட் டிராயிங்கைத் திறந்தா பார்டரும் டைட்டில் பிளாக்கும் மட்டும்தான் வருது. நடுவுல ஒண்ணுமே இல்ல."

என் கணினியில் அதே ஃபைலைத் திறந்தேன். தூண், சுவர், கிரிட் கோடு எல்லாம் பளிச்சென்று நின்றன. "இங்க வருதே" என்றேன். "இங்க வரலையே சார்" என்றார். அடுத்த இருபது நிமிடமும் இந்த இரண்டு வாக்கியங்களைத்தான் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை காலையில் அங்கே கான்கிரீட் போட வேண்டும்.

அலுவலக சர்வரில் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கிடந்த டிராயிங்குகளை இணையவழி ஆவணப் பகிர்வு அமைப்பு ஒன்றுக்கு மாற்றி அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மாற்றியது நான்தான். டிராஃப்ட்ஸ்மேனாக வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் டாக்குமென்ட் கன்ட்ரோலர் ஆனவன் என்பதால் இரண்டு பக்கமும் தெரியும் என்று ஒரு நினைப்பு. ஃபோல்டரைப் பிடித்து இழுத்துப் புது இடத்தில் போட்டால் வேலை முடிந்தது என்று நம்பினேன். கடிதம், ரிப்போர்ட், எக்செல் என்றால் அப்படித்தான் முடிந்திருக்கும். டிராயிங் வேறு ரகம்.

வேர்ட் ஃபைல் தனிக்கட்டை. டிராயிங் ஃபைல் கூட்டுக் குடும்பம். ஷீட் என்று நாம் திறக்கும் ஃபைலில் பார்டரும் குறிப்புகளும் மட்டுமே இருக்கும். ஆர்க்கிடெக்ட்டின் தளவரைபடம் ஒரு ஃபைல், கிரிட் ஒரு ஃபைல், சர்வே ஒரு ஃபைல், மூலையில் இருக்கும் லோகோ ஒரு படம். இவற்றையெல்லாம் எக்ஸ்ரெஃப் என்ற கொக்கியைப் போட்டு ஷீட்டில் மாட்டியிருப்போம். கொக்கி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற முகவரிதான். எங்கள் பழைய ஷீட்டுகள் எல்லாவற்றிலும் அந்த முகவரி சர்வரின் 'எஸ்' டிரைவிலிருந்து தொடங்கியது. சைட்டில் இருப்பவர் பிரவுசர் வழியாக ஷீட்டை மட்டும் இறக்கித் திறந்திருக்கிறார். அவர் லேப்டாப்பில் 'எஸ்' டிரைவே கிடையாது. டிராயிங் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை, பார்டரை மட்டும் காட்டிவிட்டது.

அப்படியானால் எனக்கு மட்டும் எப்படி வந்தது? இதைக் கண்டுபிடித்தபோதுதான் உள்ளுக்குள் சில்லிட்டது. பழைய சர்வர் டிரைவின் இணைப்பை என் கணினியில் நான் எடுக்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது புது இடத்து ஷீட், பழைய இடத்துத் தளவரைபடம். இந்த மூன்று வாரத்தில் ஆர்க்கிடெக்ட் தரப்பு இரண்டு தூண்களை நகர்த்தியிருந்தது. அந்தத் திருத்தம் புது இடத்தில் இருந்தது, என் திரையில் இல்லை. "இங்க வருதே" என்று அவ்வளவு தெம்பாகச் சொன்னேனே, அது செத்துப்போன டிராயிங். அவருக்கு ஒன்றும் வராமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். வந்திருந்தால் போன் செய்திருக்க மாட்டார்.

அன்று ராத்திரி செய்தது இதுதான். எல்லா எக்ஸ்ரெஃப்களையும் புது இடத்திலிருந்து மாட்டி, ஒவ்வொன்றின் தேதியையும் பார்த்து, பிடிஎஃப் எடுத்து, ஆர்க்கிடெக்ட்டிடம் போனில் இரண்டு தூண்களின் அளவைக் கேட்டுச் சரிபார்த்து அனுப்பினேன். ஃபைல் இரண்டு எம்பி கூட இல்லை. சைட் இன்ஜினியர் போனிலேயே திறந்து பார்த்துவிட்டு, "இது போதும் சார், எனக்கு எதுக்கு டி.டபிள்யூ.ஜி?" என்றார். டி.டபிள்யூ.ஜி என்பது ஆட்டோகேட்டில் வரையும் மூல ஃபைல். அவர் போகிற போக்கில் சொன்னதுதான். நாங்கள் அதற்கப்புறம் செய்த மாற்றங்களில் பாதி அதிலிருந்து வந்தது.

முதலில் எக்ஸ்ரெஃப் கதையை முடித்துவிடுகிறேன். முகவரியை முழுசாக எழுதாமல், ஷீட் இருக்கும் இடத்திலிருந்து எத்தனை படி மேலே, எந்த ஃபோல்டர் என்று எழுதும் ரிலேட்டிவ் பாத் முறைக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆட்டோகேட் 2018 முதல் புதிதாக மாட்டும் எக்ஸ்ரெஃப்புக்கு இதுவே இயல்பான அமைப்பு. எங்கள் ஃபைல்களில் பெரும்பாலானவை அதற்கு முந்தைய காலத்தவை. ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினால் விடிந்துவிடும். ஆட்டோகேட்டோடு வரும் ரெஃபரன்ஸ் மேனேஜர் என்ற சின்னப் புரோகிராம், ஃபைல்களைத் திறக்காமலேயே மொத்தமாக முகவரியை மாற்றித் தரும். இத்தனை வருடம் அதைத் தொட்டதே இல்லை. புது இடத்துக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது. நாங்கள் போன பிறகு செய்தோம்.

இணையத்தில் இருக்கும் ஃபைலையும் கணினியில் இருக்கும் நகலையும் ஒன்றாக வைத்திருக்கும் ஒத்திசைவு செயலியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அது ஒவ்வொருவர் கணினியிலும் ஃபைல்களை அவரவர் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் வைக்கிறது. ஒருவர் முழு முகவரியோடு எக்ஸ்ரெஃப் மாட்டினால் அவருடைய பெயரும் முகவரிக்குள் போய்விடும், அடுத்தவர் கணினியில் அந்தப் பெயரில் ஃபோல்டர் இருக்காது. "அவர் சிஸ்டத்துல மட்டும் வருது" என்று யாராவது சொன்னால் நான் இப்போதெல்லாம் முதலில் பார்ப்பது இதைத்தான். அப்புறம், இடத்தை மிச்சப்படுத்த ஃபைலை மேகத்திலேயே, அதாவது இணையச் சேமிப்பிலேயே விட்டு, பெயரை மட்டும் கணினியில் காட்டும் வசதி ஒன்று உண்டு. ஷீட்டைத் திறந்ததும் ஆட்டோகேட் பத்து எக்ஸ்ரெஃப்களைக் கேட்கும், பத்தும் அப்போதுதான் இறங்கத் தொடங்கும், திரை உறைந்துபோய் நிற்கும். ஆட்டோகேட் தொங்கிவிட்டது என்று நினைத்து மூடியவர்கள் எங்களில் பலர். நடப்பில் இருக்கும் புராஜெக்டின் ஃபோல்டரை மட்டும் 'எப்போதும் இந்தக் கணினியில் வை' என்று குறித்துவிட்டு, மற்றதை மேகத்தில் விட்டோம். அது தீர்ந்தது.

பழைய டிரைவை மாற்றம் நடந்த அன்றே எல்லார் கணினியிலிருந்தும் கழற்றிவிட வேண்டும். அழிக்க வேண்டாம், ஃபோல்டரின் பெயரை மாற்றினாலே போதும். கொக்கி பிடிபடாத இடமெல்லாம் அன்றைக்கே வெளியே தெரிந்துவிடும். இரண்டு நாள் எல்லாரும் நம்மைத் திட்டுவார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெரிவதற்கு அது தேவலை.

அடுத்த தொல்லை எடை.

நான்காவது மாதம் ஐடி ஆள் வந்து, "என்ன சார் பண்றீங்க, இடம் தீர்ந்துபோச்சு" என்றார். நாங்கள் புதிதாக அவ்வளவு ஏற்றியிருக்கவே இல்லை. தோண்டிப் பார்த்ததில் பெரிய ஆள் ஒன்று சிக்கியது. சர்வே டிராயிங், 186 எம்பி. அந்தப் புராஜெக்டில் வேலை செய்த சீனியர் டிராஃப்ட்ஸ்மேனுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு: மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கன்ட்ரோல் எஸ். பல வருடம் முன்னால் ஒருமுறை கரன்ட் போய் அரை நாள் வேலை போனதில் வந்த பழக்கம். ஆனால் இந்த அமைப்பில் ஒவ்வொரு சேமிப்பும் ஒரு புதிய பதிப்பாகப் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. பதிப்பு ஒவ்வொன்றின் முழு எடையும் நம் கணக்கில்தான் ஏறும். உதாரணமாக மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட் ஆன்லைன் என்ற பகிர்வு அமைப்பில் வழக்கமான வரம்பு 500 பதிப்புகள். 186 எம்பியை 500-ஆல் பெருக்கிப் பாருங்கள், 93 ஜிபி. ஒரே ஒரு டிராயிங்குக்கு.

பதிப்பு எண்ணிக்கையைக் குறைத்துவிடலாம் என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். நாங்களும் செய்தோம், வேலை நடக்கும் ஃபோல்டரில் 50 என்று வைத்தோம். ஆனால் மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்றால் 50 பதிப்பு என்பது இரண்டரை மணி நேரம். நேற்றைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்றால் திரும்ப முடியாது. அதனால் பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. நாள் முழுக்க ஒத்திசைவை நிறுத்திவைத்து வேலை செய்வது, மதியமும் சாயங்காலமும் திறந்துவிடுவது. சீனியர் இதற்கு ஒத்துக்கொள்ள ஒரு மாதம் ஆனது. "அப்ப கரன்ட் போனா?" என்று கேட்டார். சேமிப்பு அவர் கணினியில் நடந்துகொண்டேதான் இருக்கும், மேலே போவது மட்டும்தான் நிற்கும் என்று ஒரு நாள் நெட் கேபிளைப் பிடுங்கிக் காட்டிய பிறகுதான் நம்பினார். கணினியே போனால் அரை நாள் வேலை போகும், அது உண்மை. அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

சரி, ஒரு சர்வே டிராயிங் ஏன் 186 எம்பி இருக்க வேண்டும்? இதற்குத்தான் ஒரு முழு நாள் உட்கார்ந்தேன். நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பிரேதப் பரிசோதனை மாதிரி.

முதலில் பர்ஜ் என்ற துப்புரவுக் கட்டளை. பயன்படாத பிளாக், லேயர், லைன்டைப் எல்லாம் போனது. எடை அவ்வளவாகக் குறையவில்லை. அந்தக் கட்டளையின் பெட்டி காட்டாத ஒன்று இருக்கிறது, ரெக்ஆப் என்பார்கள். வெவ்வேறு மென்பொருள்கள் டிராயிங்குக்குள் விட்டுச்செல்லும் பெயர்ப்பதிவு. கண்ணுக்குத் தெரியாது, அச்சில் வராது, ஆனால் எக்ஸ்ரெஃப் மாட்டும்போதும் பிளாக் நுழைக்கும்போதும் ஃபைலுக்கு ஃபைல் தொற்றும். பர்ஜ் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சிறுகோடு போட்டுத் தட்டச்சு செய்தால் கட்டளை வரியிலேயே ரெக்ஆப்பை நீக்கும் தெரிவு கிடைக்கும். நீக்கினேன். கட்டளை வரி ஓடி முடிய நான்கு நிமிடம் ஆனது, ஆயிரக்கணக்கில் இருந்திருக்கிறது.

அப்புறம் டி.ஜி.என் லைன்ஸ்டைல். மைக்ரோஸ்டேஷன் என்ற வேறொரு வரைமென்பொருளிலிருந்து வந்த டிராயிங் எதையாவது காப்பி செய்து ஒட்டினால் கூடவே வரும் ஒட்டுண்ணி. கோடுகளை அழித்தாலும் அவற்றின் வரையறை அநாதையாக உள்ளேயே கிடக்கும், பெருகும். இதற்காக ஆட்டோடெஸ்க் தனிக் கருவியே வெளியிட்டது. பின்னாளில் அநாதைத் தரவை நீக்கும் தெரிவு பர்ஜ் பெட்டியிலேயே வந்துவிட்டது. நம் ஃபைலில் இது பெரிய பங்கு. இதை எடுத்ததும் 186 என்பது 90-க்குக் கீழே இறங்கியது. எங்கள் அலுவலகத்தில் மைக்ரோஸ்டேஷனே கிடையாது என்பது வேறு விஷயம். எந்த வெளி ஃபைலிலிருந்து வந்ததோ, யாருக்குத் தெரியும்.

மூன்றாவது, ஒட்டுப்படங்கள். யாரோ சைட் போட்டோக்கள் ஆறை நேராக டிராயிங்கில் ஒட்டியிருந்தார்கள். இமேஜ் என்று மாட்டினால் அது வெளியே தனி ஃபைலாக இருக்கும், எடை ஏறாது. காப்பி பேஸ்ட் செய்தால் உள்ளேயே தங்கிவிடும். வெளியே எடுத்து மாட்டினேன்.

நான்காவது, இரட்டிப்பாகக் கிடக்கும் கோடுகளை நீக்கும் ஓவர்கில் கட்டளை. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தடவை ஒட்டப்பட்ட சமவுயரக் கோடுகள். திரையில் ஒரு கோடாகத்தான் தெரிந்தது. இந்த இடத்தில் கவனம் வேண்டும். சர்வே கோடுகளுக்கு உயரம் உண்டு. ஓவர்கில் கட்டளையின் பொருத்தங்களை அப்படியே விட்டு ஓட்டாமல், எவ்வளவு நெருக்கமான கோடுகளை ஒன்றாகக் கொள்வது என்ற சகிப்பு அளவைப் பார்த்து, முன்னும் பின்னும் எண்ணிக்கையை ஒப்பிட்டுத்தான் செய்ய வேண்டும். நான் சர்வேயரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒரு சின்ன அமைப்பு, ஐசேவ்பெர்சன்ட். வேகமாகச் சேமிப்பதற்காக ஆட்டோகேட் ஃபைலுக்குள் கொஞ்சம் வீண் இடத்தை விட்டுவைக்கும். இயல்பாக 50 சதவீதம் வரை அனுமதிக்கும். பூஜ்யம் என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதும், சேமிக்கக் கூடுதல் நேரமாகும், ஃபைல் இறுகும். வெளியே அனுப்பும் முன் மட்டும் பூஜ்யம் வைத்து ஒருமுறை சேமிப்பது என் வழக்கம்.

எல்லாம் முடிந்ததும் 22 எம்பி. ஜிப் செய்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: 2004 வடிவத்திலிருந்து டி.டபிள்யூ.ஜி உள்ளுக்குள்ளேயே சுருக்கித்தான் எழுதப்படுகிறது. ஜிப் போட்டால் பெரிதாக இளைக்காது. ஒரு மூலையில் ஒரு கோட்டை நகர்த்தினாலும் ஃபைலின் உட்பக்கத்தில் நிறைய இடம் மாறிவிடுவதும் இதனால்தான். மாறிய பகுதியை மட்டும் ஏற்றும் ஒத்திசைவு வசதியை நம்பி உட்கார்ந்தால் டிராயிங்கில் அவ்வளவு பலன் தெரியாது.

186-க்கும் 22-க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது. சைட்டில் இணைய வேகம் நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைட் வேறு, பிட் வேறு, எட்டால் பெருக்க வேண்டும். 186 எம்பி இறங்க ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். 22 எம்பி முக்கால் நிமிடம். ஆறு நிமிடம் காத்திருக்கச் சொன்னால் யாரும் காத்திருக்க மாட்டார்கள், போன மாதம் இறக்கி டெஸ்க்டாப்பில் வைத்த ஃபைலைத் திறப்பார்கள். எடையால் வரும் நிஜமான கேடு அங்கேதான். இட வாடகையெல்லாம் அப்புறம்.

ஸ்கேன் செய்த பழைய டிராயிங்குகளிலும் இதே கதை, கணக்கு மட்டும் வேறு. ஏ0 ஷீட் என்பது 841-க்கு 1189 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் கிட்டத்தட்ட 14 கோடி புள்ளிகள். முழு வண்ணத்தில் வைத்தால் சுருக்காத நிலையில் 400 எம்பியைத் தாண்டும். கறுப்பு வெள்ளை மட்டும் என்றால் புள்ளிக்கு ஒரு பிட், சுமார் 17 எம்பி. அதையே ஃபேக்ஸ் காலத்து குரூப் 4 சுருக்கத்தில் டிஃப் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வைத்தால் கோட்டு டிராயிங் பெரும்பாலும் ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும், ஒரு புள்ளிகூட இழக்காமல். எங்களுக்கு ஸ்கேன் செய்து தந்தவர்கள் எல்லாவற்றையும் வண்ண ஜேபெக்காகத் தந்திருந்தார்கள். ஜேபெக் போட்டோவுக்கு நல்லது. மெல்லிய கோட்டின் ஓரத்தில் அழுக்குப் படிய வைக்கும், 3-ஐயும் 8-ஐயும் குழப்பும். சிவப்பு மையில் திருத்தம் எழுதிய ஷீட்டுகளை மட்டும் வண்ணத்தில் விட்டு, மற்றதைத் திரும்ப ஸ்கேன் செய்யச் சொன்னோம். வேலை கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு மாதிரி ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் இந்த இரட்டைச் செலவு இல்லை.

இப்போது அந்த "எனக்கு எதுக்கு டி.டபிள்யூ.ஜி?" விஷயத்துக்கு வருகிறேன். அனுமதிப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். டி.டபிள்யூ.ஜி ஃபோல்டருக்கு உரிமை உள்ளவர்கள் அறுபத்துச் சொச்சம் பேர். அதில் நிஜமாகவே கோடு வரைபவர்கள் பதினொரு பேர். மற்றவர்கள் பார்க்க, அளக்க, குறிப்பு எழுத, அச்சடிக்க வருபவர்கள். அவர்களுக்குத் தேவை பிடிஎஃப். வரைபவர்களுக்கு ஒரு அறை, பார்ப்பவர்களுக்கு ஒரு அறை என்று பிரித்தோம். ஐ.எஸ்.ஓ 19650 என்ற 2018-இல் வந்த தரத்தில் வேலை நடப்பது, பகிர்ந்தது, வெளியிட்டது, காப்பகம் என்று நான்கு நிலை சொல்லியிருக்கிறார்கள். சின்ன அலுவலகத்துக்கு நான்கும் வேண்டுமா என்று முதலில் நினைத்தேன். முதல் மூன்றையாவது பிரிக்காமல் இருக்கக் கூடாது என்பதுதான் இப்போது என் கருத்து. எக்ஸ்ரெஃப் மாட்டுபவர் அடுத்தவரின் 'வேலை நடப்பது' ஃபோல்டரிலிருந்து மாட்டினால், அவர் பாதி நகர்த்திய தூண் நம் ஷீட்டில் வந்துவிடும். 'பகிர்ந்தது' ஃபோல்டரிலிருந்து மட்டும்தான் மாட்டலாம் என்ற ஒரு விதி பல சண்டைகளைக் குறைத்தது.

பிடிஎஃப் எடுப்பதிலும் ஒரு எரிச்சல் உண்டு. எஸ்.ஹெச்.எக்ஸ் என்ற ஆட்டோகேட்டின் சொந்த எழுத்துருவில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் பிடிஎஃப்பில் ஒரு கமென்ட்டாக வந்து நிற்கும். சைட் இன்ஜினியர் திறந்தால் ஓரத்தில் 900 கமென்ட். அதற்கு நடுவில் நிஜமாகவே எழுதிய மூன்று கமென்ட்டை அவர் எங்கே தேடுவது? பிடிஎஃப்எஸ்ஹெச்எக்ஸ் என்ற ஆட்டோகேட் மாறியைப் பூஜ்யமாக்கினால் நின்றுவிடும். அதோடு அந்த எழுத்தைத் தேடும் வசதியும் போய்விடும். தேட வேண்டிய ஷீட்டுகளில் நாங்கள் விண்டோஸில் வழக்கமாக இருக்கும் ட்ரூடைப் எழுத்துருவுக்கு மாறினோம், மற்றதை அப்படியே விட்டோம்.

இன்னொரு குழப்பம், எண். அமைப்பு தானாகப் போடும் பதிப்பு எண்ணும் டைட்டில் பிளாக்கில் நாம் எழுதும் ரிவிஷனும் ஒன்றே அல்ல. ஒருமுறை மீட்டிங்கில் ஒருவர் "37 தான் லேட்டஸ்ட்" என்றார், இன்னொருவர் "இல்ல, ரிவிஷன் சி தான்" என்றார். இருவரும் சொன்னது ஒரே ஃபைலை. பதிப்பு எண் இயந்திரத்தின் கணக்கு, எத்தனை தடவை சேமித்தோம் என்பது. ரிவிஷன் நாம் கையெழுத்துப் போட்டு வெளியே விட்டது. அதனால் வெளியிடும் ஃபோல்டரில் ரிவிஷனுக்கு ஒரு தனி நெடுவரிசை வைத்து, பதிப்பு எண் நெடுவரிசையை யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைத்துவிட்டேன். ஃபைல் பெயரில் ரிவிஷனை எழுதலாமா என்பதில் இன்னும் எங்களுக்குள் தகராறு இருக்கிறது. டி.டபிள்யூ.ஜியின் பெயரில் எழுதவே கூடாது, பெயர் மாறினால் எக்ஸ்ரெஃப் அறுந்துவிடும். பிடிஎஃப் பெயரில் எழுதுவது நல்லது, ஏனென்றால் பிடிஎஃப் அமைப்பை விட்டு வெளியே போகும், போனில் தங்கும், மெயிலில் சுற்றும். இது என் கட்சி. எதிர்க்கட்சியும் இருக்கிறது.

பூட்டு விஷயம். சர்வரில் இருந்த காலத்தில் ஒருவர் டிராயிங்கைத் திறந்தால் பக்கத்திலேயே டி.டபிள்யூ.எல் என்ற குட்டி ஃபைல் முளைக்கும், யார் எப்போது திறந்தார் என்று அதில் இருக்கும். இரண்டாமவர் திறந்தால் படிக்க மட்டும்தான் என்று சொல்லிவிடும். ஒத்திசைவில் இருவரும் அவரவர் கணினியில் உள்ள நகலைத் திறக்கிறார்கள், ஒருவரின் பூட்டு மற்றவரின் ஆட்டோகேட்டுக்கு உடனே தெரியாது. சாயங்காலம் பார்த்தால் ஒரே பெயரில் இரண்டு ஃபைல், ஒன்றின் வாலில் கணினியின் பெயர் ஒட்டியிருக்கும். வேர்ட் போல இருவர் திருத்தத்தையும் சேர்த்துத் தர டிராயிங்கில் வழியில்லை. ஒருவர் திரும்ப வரைய வேண்டியதுதான். அதனால், ஒருவர் தன் பெயரில் எடுத்த ஃபைலைத் திருப்பித் தரும்வரை மற்றவர் திருத்த முடியாத செக்-அவுட் முறை கட்டாயம் என்று வைத்தோம். எடுத்துக்கொண்டு லீவில் போனவர்கள் உண்டு. வாரக் கடைசியில் யார் கையில் எது இருக்கிறது என்ற பட்டியலை எடுத்து, பெயர் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் குழுவில் போடுவேன். அது போதுமானதாக இருக்கிறது.

பாதை, அதாவது ஃபைலின் முழு முகவரி, அதன் நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸில் பழைய வரம்பு 260 எழுத்து, ஷேர்பாயிண்டில் முழுப் பாதைக்கு 400. புராஜெக்டின் முழுப் பெயரை மூன்று ஃபோல்டர்களில் திரும்பத் திரும்ப எழுதினால் ரொம்பச் சீக்கிரம் எட்டிவிடும். எங்களிடம் 'இறுதி', அதற்குள் 'இறுதி திருத்தியது', அதற்குள் 'இதுதான் இறுதி' என்று இருந்தது. ஒரே பட்டியலில் 5000 ஃபைலுக்கு மேல் காட்ட முயன்றால் ஷேர்பாயிண்ட் முரண்டு பிடிக்கும். துறை வாரியாகப் பிரித்து வடிகட்டினால் அங்கே போகவே வேண்டியதில்லை.

வெளியாருக்கு அனுப்பும்போது ஈ-டிரான்ஸ்மிட். ஷீட், எக்ஸ்ரெஃப், எழுத்துரு, படம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தரும். பெறுபவரிடம் பழைய பதிப்பு மென்பொருள் இருந்தால் அதற்கேற்ற வடிவத்திலும் சேமித்துக் கொடுக்கும். எந்த வடிவம் என்று சந்தேகம் வந்தால் ஃபைலை நோட்பேடில் திறந்து முதல் ஆறு எழுத்தைப் பாருங்கள். ஏசி1032 என்றால் 2018 வடிவம், ஏசி1027 என்றால் 2013. மற்றதெல்லாம் கிறுக்கலாக இருக்கும், கண்டுகொள்ளாமல் சேமிக்காமல் மூடிவிடுங்கள். ஒருவர் சேமித்துவிட்டார், அது வேறு கதை.

சுத்தம் செய்த 22 எம்பி சர்வேயில்தான் இப்போது எல்லாரும் வேலை செய்கிறார்கள். பழைய 186 எம்பி ஃபைலின் பதிப்புகளை எல்லாம் அழித்துவிட்டு, கடைசி ஒன்றை மட்டும் காப்பகத்தில் வைத்திருக்கிறேன். அதையும் அழித்துவிடலாமா என்று சீனியரிடம் கேட்டேன். "அதுல நான் போட்டுவெச்ச லேயர் ஒண்ணு இருக்குப்பா, என்னைக்காவது வேணும்" என்றார். எந்த லேயர் என்று கேட்டேன். ஃபைலைத் திறந்து அரை மணி நேரம் தேடினார். பேர் ஞாபகம் வரவில்லை என்றார். ஃபைல் அங்கேயேதான் இருக்கிறது.